மூன்று ஓலை வாசித்த கல்யாணம்

என் அப்பாவுக்கு பிரெஞ்சு தெரியும் என்று சூரமங்கலம் முழுக்க நம்பியது. நம்பியவர்களில் முதல் ஆள் அப்பாதான். சேலத்தில் பிரெஞ்சுச் சாமியார்கள் தங்கியிருந்த பங்களாவின் குசினியில் இளவயதில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்ட ரொட்டி சுடும் தொழிலை வைத்துத்தான் பிறகு ஜங்ஷன் பக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டார். காலையில் ரொட்டி வாங்க வரும் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களுக்கெல்லாம் "போன்ழூர் முசியே" என்று ஒரு வணக்கம் வைப்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் அவரிடம் பேசிப் பார்க்க ஊரில் யாருக்கும் அந்த பாஷை தெரியாது. அதனால் அப்பாவின் பிரெஞ்சு அத்தனை வருஷம் சேதாரமில்லாமல் ஓடியது.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், பிரான்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு டைப் அடித்த ஒரு கடிதம் வந்தது. அக்காவின் புருஷன் எழுதியதல்ல. அவர் வேலை பார்த்த பட்டாளத்து ஆபீசிலிருந்து வந்தது. அவரிடமிருந்து ஒரு வருஷமாக ஒரு தகவலும் இல்லை என்று, எனக்குத் தெரிந்த எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் நான்தான் அந்த ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அவர்கள் பிரெஞ்சில் பதில் எழுதிவிட்டார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அக்காவுக்கு இருபத்துமூன்று. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளை காரைக்காலில் பிறந்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். சேலத்தில் இருந்த தன் சித்தி வீட்டுக்கு லீவில் வந்திருந்தவரை அப்பா ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த மனுஷன் ஒரு வாய் சூப்பைக் குடித்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, அப்பாவைப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ நீளமாகப் பாராட்டினார். அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். பங்களாவை விட்டு வந்த பிறகு அவருக்கு அந்த பாஷையில் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பெண்ணைக் கொடுக்க அதற்கு மேல் அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. எங்கள் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று வாரம் சபையார் முன்னால் அறிவிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். காரைக்காலில் அவருடைய கோயிலிலும் மூன்று ஓலை வாசித்து, தடையில்லை என்று காகிதம் வந்தது. கல்யாணமும் ஆயிற்று. நாற்பது நாள் இருந்துவிட்டுக் கப்பலேறினார். முதல் வருஷம் மாதம் தவறாமல் கடிதம். அடுத்த வருஷம் மூன்று கடிதம். பிறகு பனியில் மூடிய ஒரு கோயில் படம் போட்ட கிறிஸ்துமஸ் கார்டு. அதோடு சரி. தெருக் குழாயடியில் அக்காவை 'பிரான்சுக்காரி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், மெல்ல மெல்ல அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கேலி செய்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்னக் கூப்படறாங்க சாமி," என்றார் அப்பா அவளிடம். "பாண்டிச்சேரிக்குப் போயி பேப்பர் வாங்கிக்கச் சொல்றாங்க. அது கெடைச்சா அப்பறம் கப்பல்தான்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா உள்ளே போய்விட்டாள். அவள் அழுதது அடுப்படி வரைக்கும் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்ததால் யாரும் போய்ச் சமாதானம் செய்யவில்லை.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவ்வளவு பெரிய கடிதத்தில் இவ்வளவுதானா இருக்கும்? "ஆத்தூர்ப் பக்கத்துப் பங்குக் கோயில்ல இன்னும் ஒரு பிரெஞ்சுச் சாமியார் இருக்காருங்களாமா. அவருகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரலாங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவருகிட்ட எதுக்கு?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஒரு பஸ் ஏறியிருந்தால் வேலை முடிந்திருக்கும். இன்றைக்கும் அதற்காக முதலில் என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன், அப்பாவை அப்புறம்தான்.

மே மாதம் கிளம்பினோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நாமக்கல்லில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய கறுப்பு டாக்சியில் அப்பா, அக்கா, நான், மாமா என்று நாலு பேர். கடையை மூட முடியாது என்பதால் அம்மா இருந்துகொண்டாள். பாண்டிச்சேரியில் பேப்பர் கைக்கு வந்ததும் அப்படியே மெட்ராஸுக்குப் போய்க் கப்பல் ஏற்றிவிடுவது என்பது அப்பாவின் திட்டம். அதனால் அக்காவின் டிரங்குப் பெட்டியும் கூடவே வந்தது. அதற்குள் கல்யாணப் புடவை, நாரத்தங்காய் ஊறுகாய், பூசைப் புத்தகம், ஏற்காட்டில் வாங்கிய ஒரு கம்பளிச் சட்டை. அடிக்கிற கத்திரி வெயிலில் அந்தக் கம்பளிச் சட்டையைத் தொட்டாலே எனக்கு உடம்பு எரிந்தது. மாமா பெட்டியைக் கார் கூரைமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். குவார்ட்டர்ஸ் ஜனங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து கையாட்டினார்கள். அக்கா எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு ஏறினாள்.

அம்மாபேட்டை தாண்டி, வாழப்பாடி தாண்டி, ஆத்தூர் போய்ச் சேர்வதற்குள் வண்டி இரண்டு தடவை கொதித்துப்போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் மாமா புளியமரத்தடியில் ஓரம் கட்டி, யார் வீட்டிலாவது குடம் வாங்கித் தண்ணீர் ஊற்றினார். அந்த நேரத்தில் அப்பா அக்காவுக்குக் கப்பல் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். தண்ணீருக்கு ஒரு வார்த்தை, உப்புக்கு ஒன்று, ரொட்டிக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று. கோழியை எத்தனை வகையாக அறுக்கலாமோ அத்தனைக்கும் ஒன்று. அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

"ஏனுங்க மச்சான்," என்றார் மாமா, ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகிக்கொண்டே. "கெணறு எங்கீங்க, கக்கூசு எங்கீங்கன்னு கேக்கறதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்களா? மூணு வாரம் கப்பல்ல இந்தப் புள்ள வெங்காயம் வெங்காயம்னே சொல்லிட்டுப் போகோணுமா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது. அப்பாவும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்புக்காக இந்தப் பயணத்தை மன்னித்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் சாப்பிட்டோம். உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் என்று வந்து, பொழுது சாய்கிறபோது பாண்டிச்சேரிக்குள் நுழைந்தோம். நூல் பிடித்தது போலத் தெருக்கள். ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நம் ஊர்க் கடைத்தெரு, அந்தப் பக்கம் உயரமான மஞ்சள் மதில்களும் காகிதப்பூக் கொடிகளும் மூடிய ஜன்னல்களும். போலீஸ்காரர் தலையில் சிவப்பாக, செங்குத்தாக நிற்கும் ஒரு தொப்பி. அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எதிரே வந்த எல்லாருக்கும் போன்ழூர் சொன்னார், ஒரு ஜட்கா வண்டிக்காரருக்கும் சொன்னார். ஒரு ரொட்டிக் கடையில் முழ நீளத்துக்கு அடுக்கியிருந்த ரொட்டியில் ஒன்றை வாங்கி, அமுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "உப்பு பத்தலே" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று ராத்திரி கோயிலை ஒட்டியிருந்த ஒரு சத்திரத்தில் தங்கினோம்.

மறுநாள் காலையில் அக்கா தலைக்குக் குளித்து, பட்டு ரவிக்கை போட்டுக்கொண்டு, கல்யாணச் சர்ட்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரெஞ்சு அரசாங்கத்தின் காரியங்களைக் கவனிக்கும் ஆபீசுக்குப் போனோம். அங்கே உயரமான கூரையும் மெதுவாகச் சுற்றும் மின்விசிறியும் இருந்தன. எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர். நம் நிறம், நம் முகம்தான். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னார். நன்றாக, தடங்கலில்லாமல் சொன்னார்.

அந்த மனுஷர் பேனாவை மூடினார். "பெரியவரே," என்றார், பக்கத்து மேஜைக்குக் கேட்காமல், "சாப்பாடு தயாரா இருக்கு, வாங்கன்னு சொல்றீங்க. எனக்குப் புரியுது. வந்த விஷயத்தைத் தமிழ்லயே சொல்லுங்க."

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அப்பாவின் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு அக்காவின் கழுத்தைப் பார்த்தார். தாலியைத்தான் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. பிறகு நிதானமாகத் தமிழில் சொன்னார். "நீங்க விசாரிச்ச ஆள் போன வருஷமே பட்டாளத்துலேருந்து விலகிட்டார். எங்க பதிவுல அவருக்கு மனைவின்னு யாரும் இல்ல. மேற்கொண்டு காகிதம் வேணும்னா பாண்டிச்சேரி ஆபீசையோ, அவர் பிறந்த காரைக்கால் பதிவு ஆபீசையோ கேளுங்க. இவ்வளவுதாம்மா எழுதியிருக்கு."

"கூப்படலீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"யாரை?"

"என்னைங்க."

"இல்லம்மா. இதுல அப்படி ஒண்ணும் இல்ல."

அக்கா மடியிலிருந்த சர்ட்டிபிகேட்டை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கோயில்ல ஆச்சு, சரி. அப்புறம் இதை எங்க பதிஞ்சீங்க?"

"ரெண்டு ஊர்லயும் மூணு மூணு ஓலை வாசிச்சாங்க," என்றார் அப்பா.

அந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். பிரெஞ்சுப் பிரஜைக்கு எந்த ஊரில் தாலி கட்டினாலும் அதை அவர்களுடைய பதிவில் எழுதியாக வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் ஜனங்கள் முதலில் பதிவு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்கள். வெளியூரில் கல்யாணம் ஆனால், வந்ததும் அந்தக் காகிதத்தைக் கொடுத்து எழுதி வாங்கிவிடுவார்கள். அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

எங்களுக்குத் தெரியாது. சாமியார் கையெழுத்துப் போட்டு, சாட்சி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அது வானத்திலும் பூமியிலும் செல்லும் என்றுதான் சேலத்தில் நாங்கள் இருந்தோம். தெரிந்திருந்தவர் ஒருவர்தான். தெரிந்துகொண்டே நாற்பது நாள் எங்கள் வீட்டில் சூப்புக் குடித்தார். அதை நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த மேஜையிலிருந்த மைக்கூட்டை எடுத்து எங்காவது எறியலாமா என்றிருந்தது.

"நம்பிக்கை விடாதீங்க," என்றார் அந்த அலுவலர். "பட்டாளத்துல பேர் விட்டுப்போறதும் உண்டு. ஒருத்தர் பிறந்ததை எழுதியிருக்கிற பக்கத்தோட ஓரத்துல, பின்னால அவருக்கு ஆன கல்யாணத்தையும் எழுதுவாங்க. உங்க கல்யாணத்தை அவரே பின்னாடி பதிய வெச்சிருந்தா அங்க இருக்கும். காரைக்கால் போய்ப் பார்த்துடுங்க."

அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அக்கா கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கப்பலிலிருந்து பார்க்கப்போகிறோம் என்று நினைத்திருந்தவள் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புயலில் உடைந்த பழைய கப்பல் பாலத்தின் தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் நின்றன. மாமா அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் நேராக அவரிடம் போனேன்.

"பதினோரு வருஷம் அங்க என்னதான் கத்துக்கிட்டீங்க?" என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதே இல்லை.

"சூப்பு வெக்கக் கத்துக்கிட்டேன் சாமி," என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "பொய் சொல்லோணும்னு சொல்லலே. அங்கங்க ஒவ்வொரு வார்த்தை புரிஞ்சுது. பாண்டிச்சேரின்னு இருந்துச்சு, காரைக்கால்னு இருந்துச்சு, பேப்பர்னு இருந்துச்சு. இவளைக் கூப்படோணும், கூப்படோணும்னு நெனச்சுட்டே படிச்சேன். கூப்படற மாதிரியே இருந்துச்சு."

இருக்கிற காய்கறியை வைத்து ஒரு குழம்பு வைப்பது போல, கிடைத்த வார்த்தைகளை வைத்து அவர் ஒரு கடிதத்தைச் சமைத்திருந்தார். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அப்பா அழுதார். நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

"ஊட்டுக்குப் போயர்லாங்களா?" என்று மாமா பொதுவாகக் கேட்டார். அக்காதான், "காரைக்கால் போலாம்" என்றாள். அவளுக்கு அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும்தான் இப்போது மிச்சமிருந்தது.

கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் தாண்டி, சீர்காழி, தரங்கம்பாடி என்று அடுத்த நாள் காலையெல்லாம் போனோம். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த வயல்கள். அப்பா மடியில் கையை வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மெதுவாகப் போனால் அந்த ஊர் வரவே வராது என்று நினைத்தாரோ என்னவோ, மாமா வண்டியை மிதிக்கவே இல்லை. அக்கா உதடு அசைய ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் வேண்டிக்கொண்டேன். அந்த ஆளை எனக்கு அறவே பிடிக்காமல் போயிருந்தது; ஆனாலும் அவர் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

காரைக்கால் பதிவு ஆபீஸ் சின்னது. குமாஸ்தா வயசானவர், பேச்சில் தஞ்சாவூர்ப் பக்கத்து மரியாதை. மாப்பிள்ளையின் பெயர், அவருடைய அப்பா பெயர், பிறந்த வருஷம் சொன்னதும், அலமாரியிலிருந்து தோல் அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகத்தைத் தூக்கி வந்து மேஜைமேல் விரித்தார். விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். சாய்வான, அழகான பிரெஞ்சுக் கையெழுத்து, பழுப்பேறிய மை. "இதோ," என்றார். "காலையில ஆறு மணிக்குப் பிறந்திருக்காருங்க. அப்பா பேரு, அம்மா பேரு, எல்லாம் சரியா இருக்கு."

அக்கா மேஜைமேல் குனிந்தாள். அந்த எழுத்தில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தின் இடது ஓரத்தில், வெற்றிடமாக விட்டிருந்த இடத்தில், புது நீல மையில் நாலைந்து வரி இருந்ததை எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவள்தான் பார்த்தாள். என் கையை அப்படி இறுக்கிப் பிடித்தாள், வளையல் என் தோலில் பதிந்தது.

"ஓரத்துல எழுதியிருக்குது! எழுதியிருக்காரு, பாரு. அப்பா, எழுதியிருக்காருங்க!"

அப்பா எழுந்தே விட்டார். மாமா, "மாதாவே" என்றார். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அந்த வரிகளின் மேல் குனிந்தார். குனிந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை. அவருடைய விரல் முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குப் போய், அங்கேயே நின்றது.

"அம்மா, உங்களுக்குக் கல்யாணம் எந்த ஊர்ல ஆச்சுன்னு சொன்னீங்க?"

"சேலத்துலீங்க."

"இதுல மார்செய்னு எழுதியிருக்கும்மா. பிரான்சுல ஒரு துறைமுகப் பட்டணம். எட்டு மாசம் ஆவுது."

அக்காவின் கை என் கையிலிருந்து விலகவில்லை. "எம் பேரை பிரெஞ்சுல வேற மாதிரி எழுதியிருப்பாங்கங்க," என்றாள். "கொஞ்சம் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

அவர் அந்தப் பெண்ணின் பெயரைப் படித்தார். அக்கா அதோடு விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எந்த எழுத்திலாவது தன் பெயர் ஒட்டிக்கொள்ளுமா என்று பார்த்தாள். கடைசி எழுத்து வந்ததும், "இன்னொரு தடவை" என்றாள். அந்தப் பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் அந்த இடத்தில் ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"உங்க கல்யாணம் செல்லாதுன்னு யாரும் சொல்ல முடியாது," என்று குமாஸ்தா விளக்கினார். "செல்லும். ஆனா இந்தப் புத்தகத்துல அது ஏறலே. ஓரம் காலியா இருந்ததால, அவருக்குக் கல்யாணம் ஆகலேன்னு காப்பி போயிருக்கு, அங்க கட்டிவெச்சுட்டாங்க. வழக்குப் போடலாம். பிரான்சுல, அந்த ஊர்க் கோர்ட்டுல போடணும்."

பிரான்சில் வழக்குப் போட, சூரமங்கலத்திலிருந்து யார் போவது? மாமா ஒரு சிரிப்புச் சிரித்தார். அதைக் கேட்க நன்றாக இல்லை.

அப்பா மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். அந்த நீல வரிகளுக்குக் கீழே விரலை வைத்தார். "கீழ இன்னும் எடம் இருக்குதுங்களே," என்றார். "எங்க புள்ள பேரை அதுல எழுதக் கூடாதுங்களா? சர்ட்டிபிகேட்டு கொண்டாந்திருக்கோமுங்க. தேதி எங்களுதுதானுங்க முந்தினது."

"இடம் இருக்குங்க," என்றார் குமாஸ்தா. "என்னால எழுத முடியாது."

மாப்பிள்ளையின் அக்கா காரைக்காலில்தான் எங்கோ இருந்தாள். அந்த வீட்டைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று மாமா குதித்தார். எங்கள் அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அந்தப் பக்கத்துக்கு ஒரு காப்பி மட்டும் கேட்டு வாங்கி, மடித்து, சர்ட்டிபிகேட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் வண்டி ஒரு இடத்தில்கூடக் கொதிக்கவில்லை. அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் நின்று, ஊர் போய்ச் சேர இன்னும் ஒரு பகல் ஆகக் கூடாதா? குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல மத்தியானம். கார் கூரைமேல் பெட்டி அப்படியே திரும்பி வருவதை எல்லாரும் பார்த்தார்கள். அம்மா வாசலுக்கு வந்தாள், பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தாள். அன்றிலிருந்து அப்பா கடைக்கு வருகிறவர்களுக்கு வணக்கம் என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

இதோடு முடிந்திருந்தால்கூட, ஒரு அயோக்கியனிடம் ஏமாந்தோம் என்று தலைமுழுகியிருக்கலாம். அப்படி முழுக முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து, ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லாதவர், அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பினார். எல்லாம் தெரிந்தே கேட்டார். தங்கமான மனுஷர். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா சொன்னா சரி" என்றாள். அவள் சம்மதித்ததே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அப்பாவும் நானும் பங்குச் சாமியிடம் போனோம்.

அவர் இளவயதுத் தமிழ்ச் சாமியார், இரக்கமுள்ளவர். கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தைத் திறந்தார். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை எழுதியிருந்ததன் ஓரத்தில், அவளுக்கு இன்னாரோடு கல்யாணமானது என்று லத்தீனில் எழுதியிருந்தது.

"அங்க அவர் செஞ்சது கோயில் கல்யாணமில்லை. அதனால திருச்சபைக்கு அது கல்யாணமே இல்லை," என்றார். "எங்க கணக்குல அவருக்கு ஒரே மனைவி, உங்க பொண்ணுதான். அவர் உயிரோட இருக்கற வரைக்கும் இன்னொரு தாலிக்கு நான் ஓலை வாசிக்க முடியாது."

ஒரு புத்தகத்தில் அவள் யாருமே இல்லை. இன்னொரு புத்தகத்தில் சாகிற வரைக்கும் மனைவி. இரண்டையும் எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். யார் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவது என்று தெரியாமல் நானும் அப்பாவும் வெயிலில் நடந்து வந்தோம்.

அதற்கப்புறம்தான் அக்கா காரைக்காலுக்கு எழுத ஆரம்பித்தாள். ஒருவர் செத்தாலும் அதே ஓரத்தில் எழுதுவார்கள் என்று அந்தக் குமாஸ்தா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாராம். எனக்கு அது காதில் விழவே இல்லை, அவளுக்கு விழுந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாள் கழிந்ததும், அந்தப் பக்கத்தின் புதுக் காப்பி கேட்டு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மே மாதத்தில் காப்பி வரும். அந்த ரயில்வே கார்டும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இரண்டு வருஷம் பொறுத்தார்.

இரண்டாம் வருஷம் உறை வந்தபோது நானும் அவளும் மட்டும்தான் வீட்டில் இருந்தோம். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, உறையைக் கையில் எடுத்தாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"என்னன்னு வேண்டிக்கிட்டுப் பிரிக்கறே?" என்று கேட்டேன்.

"அவரு நல்லா இருக்கோணும்னுதான்," என்றாள். "வேற மாதிரி வேண்டலாமா?"

பிரித்தாள். ஓரத்தில் அதே நாலைந்து வரிதான் இருந்தது. கீழே வெற்றிடம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதை அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அப்பா கடையைத் திறக்கும் முன்னால் ஜங்ஷனுக்குப் போய், அந்தக் கார்டிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.